கொட்டியாரக் குடாவுக்கு மேலே ஒரு சோடி: இரட்டை விண்மீன்களை அளப்பது எப்படி

மே மாதத்தில் நள்ளிரவை அண்டிய நேரம், திருகோணமலை நகரில் தெற்குப் பக்கம் மறைப்பில்லாத ஓர் இடத்தில் நின்று பாருங்கள். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர் வெளிச்சத்துக்கு மேலே, இரண்டு பிரகாசமான வெள்ளிகள் அருகருகே நிற்கும். இடப்பக்கத்தில் இருப்பது ஆல்பா சென்டோரி. சூரியனை விட்டால் வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் நமக்கு மிக அருகில் உள்ளது அதுதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், சிறிய தொலைகாட்டி ஒன்றால் பார்த்தால் அது இரண்டு.

இரண்டு என்று முதலில் கண்டவர் பாதர் ரிஷோ என்ற பிரெஞ்சு யேசுசபைத் துறவி. கண்ட இடம் பாண்டிச்சேரி, ஆண்டு 1689, மாதம் டிசெம்பர். வால்வெள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. இரட்டை விண்மீன்களுக்கான உலகப் பட்டியலில் அந்தச் சோடிக்கு இன்றும் அவர் பெயரின் சுருக்கத்தோடுதான் இலக்கம்: ஆர்எச்டி 1. தெற்கு வானத்து இரட்டைகளின் கதையில் தமிழ்க் கரைக்கு இப்படி ஓர் ஆரம்பப் பக்கம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சரி, இரண்டு என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? அளப்பதுதான். அளக்க வேண்டியவை இரண்டே எண்கள். பிரகாசமான விண்மீனை மையமாக வைத்து, மற்றது எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பது ஒன்று: இடைத்தூரம். எந்தத் திசையில் தெரிகிறது என்பது மற்றது: இருப்புக் கோணம். வடக்கைப் பூச்சியமாக வைத்துக் கிழக்கு வழியாக எண்ணினால் கிழக்கு 90 பாகை, தெற்கு 180, மேற்கு 270. இடைத்தூரத்தை விகலையில் சொல்வார்கள். ஒரு பாகையில் 3,600 விகலை. இரண்டு சென்ரிமீற்றர் அகலமுள்ள நாணயம் ஒன்றை நாலு கிலோமீற்றர் தள்ளி வைத்துப் பார்த்தால் அது பிடிக்கும் கோணம் ஏறக்குறைய ஒரு விகலை. நாம் பேசப்போவது அதன் பத்தில் ஒரு பங்கையும் அதற்குக் கீழானதையும் பற்றி.

இந்த இரண்டு எண்களோடு திகதியையும் எழுதி வைத்தால் அது ஓர் அளவீடு. பல பத்தாண்டு அளவீடுகள் சேர்ந்தால் ஒன்றை மற்றொன்று சுற்றும் பாதை தெரியத் தொடங்கும். பாதை தெரிந்தால் திணிவு தெரியும். விண்மீன் ஒன்றின் திணிவை நேரடியாக அறிய இதைவிட நம்பகமான வழி அதிகம் இல்லை. ஆல்பா சென்டோரியையே எடுப்போம். சோடியின் சுற்றுக்காலம் சுமார் 79.9 ஆண்டு. பாதையின் அரைப்பேரச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட அச்சில் பாதி, சுமார் 17.5 விகலை. அதன் இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம், சுமார் 0.75 விகலை. அரைப்பேரச்சை இடமாறு தோற்றத்தால் வகுத்தால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் போல் 23.3 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 23.3 இன் கனத்தை 79.9 இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.98. அதாவது இரண்டும் சேர்ந்து சூரியனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு திணிவு. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை ஒரு தாளில் செய்து முடிக்கும் கணக்கு. ஆனால் அந்த 17.5 ஐயும் 79.9 ஐயும் பெறுவதற்குப் பல தலைமுறை அளக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் யாரும் சுற்றுவதைத் தேடவில்லை. வில்லியம் ஹேர்ஷல் 1779 இல் சோடிகளைப் பட்டியலிடத் தொடங்கியது விண்மீன்களின் தூரத்தை அறிவதற்காக. ஒன்று அருகில், மற்றது வெகு தொலைவில், பார்வைக்கு மட்டும் ஒரே கோட்டில் என்ற எண்ணம். இருபது ஆண்டுக்குப் பிறகு திரும்ப அளந்தபோது கஸ்டர் போன்ற சில சோடிகள் நேராக நகராமல் வளைந்து நகர்ந்திருந்தன. 1803 இல் அவர் அதை வெளியிட்டார்: இவை ஒன்றையொன்று சுற்றுகின்றன. நியூட்டனின் ஈர்ப்பு விதி சூரியக் குடும்பத்துக்கு வெளியிலும் செல்லும் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. 1827 இல் பெலிக்ஸ் சவாரி, சப்தரிஷி மண்டலத்தில் உள்ள க்சை என்ற சோடிக்கு முதல் சுற்றுப்பாதையைக் கணித்தார். காலம் சுமார் 60 ஆண்டு.

அந்தக் காலத்துக் கருவி நூல் மைக்ரோமீற்றர். கண்வில்லைக்குள் மெல்லிய நூல் இரண்டு இருக்கும். திருகாணியைத் திருப்பி ஒரு நூலை ஒரு விண்மீன் மேலும் மற்றதை இன்னொன்றின் மேலும் வைத்துத் திருகாணியின் எண்ணைப் படிக்க வேண்டும். கை, கண், பொறுமை மூன்றும் சேர்ந்த வேலை. அதில் எவ்வளவு திறமைசாலியும் எப்படி வழி தவறலாம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த கப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் இரட்டைகளை அளப்பதில் கெட்டிக்காரர். 70 ஒஃபியூக்கி என்ற சோடியின் பாதையில் கண்ட சிறு ஒழுங்கீனங்களை வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள், அநேகமாக ஒரு கோள், அங்கே இருக்கிறது என்று 1855 இல் எழுதினார். வேறொரு சூரியனுக்குக் கோள் இருப்பதாக அளவீட்டை வைத்துச் சொல்லப்பட்ட முதல் கூற்றுகளில் ஒன்று அது. பின்னால் வேறொருவரும் அதே சோடியில் அதே மாதிரிச் சொன்னார். அப்படிச் சொன்ன அமைப்பு நிலைத்து நிற்க முடியாது என்று 1899 இல் மோல்ட்டன் என்ற வானியலாளர் காட்டினார். ஒழுங்கீனம் வானத்தில் இருக்கவில்லை, அளவீட்டு வழுவில் இருந்தது. ஜேக்கப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரிடம் இருந்த கருவியோடு அந்த அளவுக்குப் போனதே பெரிது. ஆனால் இரட்டைகளை அளக்க வரும் எவரும் முதலில் படிக்க வேண்டிய கதை இதுதான் என்பேன்.

கண்ணின் இடத்துக்குப் படம் வந்தது 1857 இல். ஹார்வார்டில் ஜோர்ஜ் பொண்ட், நாம் கல்யாண வீட்டில் காட்டும் அருந்ததியையும் அதன் அருகில் உள்ள வசிட்டரையும் கண்ணாடித் தட்டில் படம் பிடித்தார். வசிட்டரே 14 விகலை இடைவெளியில் இரட்டை. படம் பிடிக்கப்பட்ட முதல் இரட்டை விண்மீன் அது. அந்தத் தட்டில் இருந்தே இடைத்தூரத்தையும் கோணத்தையும் அளந்தார்கள். அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தட்டுகளின் காலம். 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய, ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சிசிடி சில்லு வந்து அதை முடித்து வைத்தது. 2009 இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று பல தொலைகாட்டிகளில் சீமாஸ் என்ற வேறு வகைச் சில்லுகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. அளக்கும் முறை மாறவில்லை.

இனி நம் ஊர். திருகோணமலையின் அகலக்கோடு 8.6 பாகை வடக்கு. ஆல்பா சென்டோரி தெற்கே 60.8 பாகையில் இருப்பதால், இங்கே அது ஒருபோதும் அடிவானத்துக்கு மேலே 20 பாகையைப் பெரிதாகத் தாண்டாது. அந்த உயரத்தில் ஒளி காற்றின் தடித்த படை ஒன்றுக்குள்ளால் வருகிறது. படம் நடுங்கும். நீல ஒளி சிவப்பை விட அதிகமாக வளைவதால் விண்மீன் ஒரு சிறு நிறமாலையாக நீளும். நிறம் வேறான சோடியில் இரண்டும் ஒரே அளவு வளைவதுமில்லை. அளவு கெட்டுப்போக அது போதும். அதோடு கடற்காற்றின் உப்பு ஆடியையும் தாங்கியையும் விடாது. கார்த்திகை, மார்கழி முழுக்க வாடைக்காற்றும் மழையும். கச்சான் வீசும் மாதங்களில் வானம் திறந்திருக்கும், ஆனால் அந்தச் சூட்டுக் காற்றில் விண்மீன் ஓரிடத்தில் நிற்காது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் இருட்டு நல்ல இருட்டுத்தான். பார்ப்பதற்கு அருமையான வானம். அளப்பதற்கு அப்படியல்ல.

அவுஸ்திரேலியாவில் சைடிங் ஸ்பிரிங் மலையில் அதே விண்மீன் 60 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. மே மாதத்தில் இங்கே பிற்பகல் இரண்டரை மணியாகும்போது அங்கே நன்றாக இருட்டியிருக்கும். நாம் காலைத் தேநீர் குடிக்கும் நேரம் சிலியில் முன்னிரவு. தென்னாபிரிக்காவின் சதர்லன்ட் நம் இரவில் பாதியையும், கனேரித் தீவுகளின் தெனெரிஃபே நம் விடியற்புறத்தையும் பார்த்துக்கொள்ளும். இந்த இடங்களில் எல்லாம் லாஸ் கம்ப்ரஸ் வானாய்வகத்துக்குத் தொலைகாட்டிகள் உள்ளன. அதன் 40 சென்ரிமீற்றர் வகைத் தொலைகாட்டிகளின் நேரத்தில் ஒரு பங்கு, கல்விப் பங்காளிக் குழுக்கள் வழியாகப் பாடசாலைகளுக்கும் ஆர்வலர்களுக்கும் இலவசமாகப் போகிறது. பணம் கட்டி நேரம் வாங்க விரும்பினால் ஐடெலஸ்கோப் போன்ற சேவைகள் இருக்கின்றன.

தொலைவில் இருந்து இயக்குவது என்றதும் கணினித் திரையில் தொலைகாட்டியை அங்குமிங்கும் திருப்பி விளையாடுவது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. எந்த ஆயம் (வானத்தில் எந்த இடம்), எந்த வடிகட்டி, எத்தனை செக்கன், எத்தனை படம் என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் வேலை. வானிலை, நிலவு, மற்றவர்களின் விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் பார்த்து மென்பொருள் தானாக நேரம் ஒதுக்கும். அடுத்த நாளோ அடுத்த வாரமோ ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்புகள் வந்து கிடக்கும். இதில் சுவாரசியம் குறைவு என்பவர்களுடன் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஜேக்கப்புக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கிறது: ஒரே சோடியை ஒரே இரவில் பத்துப் பதினைந்து தடவை, கை நடுங்காமல் அளக்கலாம்.

விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் உண்மையில் பெரிது: எந்தச் சோடி? அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் வைத்திருக்கும் வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான சோடிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் முதல் அளவீடு எந்த ஆண்டு, கடைசி எந்த ஆண்டு, எத்தனை தடவை அளக்கப்பட்டது என்று ஒரு வரி. பேர் பெற்ற பிரகாசமான சோடிகளைத் தொடாதீர்கள். அவை சில்லை நிரப்பிவிடும். 16 பிட் கமராவில் ஒரு பிக்சல் 65,535 வரைதான் எண்ணும். அதற்கு மேல் போனால் விண்மீனின் நடு தட்டையாகி, மையம் எங்கே என்பது தெரியாமல் போகும். சில சிசிடிக்களில் நிரம்பிய மின்னேற்றம் வழிந்து கீழே கோடாகவும் ஓடும். முதன்மை விண்மீனுக்கும் துணைக்கும் பிரகாச வித்தியாசம் 5 பருமன் (விண்மீன் பிரகாசத்தின் அளவு; எண் கூடக் கூட மங்கல்) என்றால் அது நூறு மடங்கு. ஒன்றுக்குச் சரியான நேரம் மற்றதுக்குச் சரிவராது. ஆகவே 8 முதல் 13 வரை பருமன், 3 பருமனுக்குள் வித்தியாசம், 5 முதல் 30 விகலை இடைத்தூரம், கடைசியாக அளந்து பத்துப் பதினைந்து ஆண்டு கடந்தவை என்று வடிகட்டினால் தொடக்கக்காரருக்குப் பொருத்தமான பட்டியல் வரும்.

ஏன் 5 விகலைக்குக் கீழே போகக் கூடாது? 40 சென்ரிமீற்றர் ஆடி கோட்பாட்டளவில் 0.3 விகலையைப் பிரிக்கும். ஆனால் வளிமண்டலம் விண்மீனை இரண்டு விகலை அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. இரண்டு பரப்பல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மையங்கள் ஒன்றையொன்று இழுக்கும். நெருக்கமான சோடிகளுக்கு ஸ்பெக்கிள் என்ற வேறு முறை உண்டு. ஆயிரக்கணக்கான மிகக் குறுகிய படங்களை எடுத்துக் கணிதத்தால் சேர்ப்பது. அது வேறு கதை.

படம் வந்த பிறகு முதல் கேள்வி, ஒரு பிக்சல் எத்தனை விகலை? பிக்சலின் அளவை மைக்ரோனில் எடுத்து 206.265 ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் மில்லிமீற்றரில் வகுக்க வேண்டும். லாஸ் கம்ப்ரஸின் பழைய 40 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டிகளில் இருந்த கமராவுக்கு 9 மைக்ரோன், குவியத் தூரம் சுமார் 3,250 மில்லிமீற்றர். விடை 0.57 விகலை. அதற்காக 0.57 விகலைக்குக் கீழே அளக்க முடியாது என்றில்லை. விண்மீனின் ஒளி பல பிக்சல்களில் பரவி இருப்பதால், அந்தப் பரம்பலுக்கு ஒரு மணி வடிவ வளையியைப் பொருத்தி மையத்தைப் பிக்சலில் பத்தில் ஒரு பங்குக்கும் நுணுக்கமாகக் காணலாம். சற்றுப் பரவிய விண்மீன் என்பது இந்த இடத்தில் நமக்கு உதவி.

அடுத்தது படத்தின் வடக்கு எது என்பது. கமரா ஒரு பாகை திரும்பியிருந்தால் கோணமும் ஒரு பாகை பிழைக்கும். இதற்குப் படத்தில் உள்ள மற்ற விண்மீன்களைக் கையா என்ற விண்கலம் அளந்த பட்டியலோடு பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் வான ஆயம் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அஸ்ட்ரோமெட்ரி டொட் நெட் இலவசம், அஸ்ட்ரோஇமேஜ்ஜேயும் இலவசம். பெரும்பாலான தொலை வானாய்வகங்கள் இந்த வேலையைத் தாங்களே செய்து அனுப்புகின்றன. ஆனாலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அதன் பிறகு கணக்கு எளிது. உதாரணத்துக்கு, துணை முதன்மைக்கு 6 விகலை கிழக்கே, 8 விகலை தெற்கே இருப்பதாக வைப்போம். கிழக்கு வித்தியாசத்தை எடுக்கும்போது வல ஏற்ற (வானத்தின் கிழக்கு-மேற்கு ஆயம்) வித்தியாசத்தை நடுவரை விலக்கத்தின் (வடக்கு-தெற்கு ஆயம்) கோசைனால் பெருக்கியிருக்க வேண்டும். இதை மறந்தால் துருவத்துக்குக் கிட்டப் போகப் போக விடை ஊதிப்போகும். பைதகரஸ்படி இடைத்தூரம் 10 விகலை. 6 ஐ 8 ஆல் வகுத்துத் தான் (tan) நேர்மாறு எடுத்தால் 36.9 பாகை, தென்கிழக்குக் கால்வட்டம் என்பதால் 180 இல் கழித்து 143.1 பாகை. இரண்டு விண்மீன்களும் ஒரே பிரகாசமாக இருந்தால் இன்னொரு தொல்லை: எது முதன்மை என்பதில் நீங்களும் பழைய அவதானியும் மாறிவிட்டால் கோணம் சரியாக 180 பாகை வித்தியாசப்படும். பழைய அளவீடுகளோடு ஒப்பிடும்போது திடீரென்று பாய்ச்சல் தெரிந்தால் புதிய கோளைத் தேடுவதற்கு முன் இதைத் தேடுங்கள்.

பத்துப் படத்தில் பத்து விடை வரும். அவற்றின் இடை, நியம விலகல், அதைப் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த இடையின் நியம வழு. இந்த மூன்றாவது எண்ணில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. நூறு படம் எடுத்தால் அது பத்தில் ஒன்றாகச் சுருங்கிப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கமராவின் கோணம் பிழை என்றால் நூறு படத்திலும் அதே பிழைதான். ஆகவே வேறு இரவில், முடிந்தால் வேறு தொலைகாட்டியில், திரும்ப எடுக்க வேண்டும். ஒரே இரவில் ஐம்பது படத்தை விட மூன்று இரவில் பத்துப் பத்துப் படம் மேல் என்பது என் கருத்து. இடைத்தூரம் குறையக் குறையக் கோண வழு பெருகும் என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் 0.05 விகலை தவறினால், 30 விகலைச் சோடியில் அது 0.1 பாகை. 5 விகலைச் சோடியில் 0.6 பாகை.

கையா விண்கலம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2013 டிசெம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை வானத்தை அளந்த அந்தக் கலத்தின் நுணுக்கத்துக்குத் தரைத் தொலைகாட்டி கிட்டவும் வராது. 2022 இல் வந்த மூன்றாம் வெளியீட்டில் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடமாறும் நகர்வும் இருக்கின்றன. ஒரு சோடி உண்மையில் சோடியா என்று இப்போது முதலில் பார்ப்பது அதில்தான்: இரண்டின் இடமாறும் ஒன்றாகவும், வானத்தில் நகரும் திசையும் வேகமும் ஒன்றாகவும் இருந்தால் உறவு இருக்கலாம். ஆனால் கையா அளந்தது பத்தே ஆண்டு. முந்நூறு, அறுநூறு ஆண்டு எடுத்துச் சுற்றும் சோடிக்குப் பத்து ஆண்டு என்பது வளைவே தெரியாத ஒரு துண்டு. அந்தத் துண்டை 1830 களின் மைக்ரோமீற்றர் அளவீட்டோடும் இனி வரும் ஆண்டுகளின் அளவீட்டோடும் சேர்த்தால்தான் பாதை தெரியும். மிகப் பிரகாசமானவையும் மிக நெருங்கியவையும் கையாவுக்குச் சிரமம். தொலைகாட்டி வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் பார்க்கும் பொன்னும் நீலமுமான அல்பிரியோ உண்மைச் சோடியா என்று இன்றும் வாதம் நடப்பது அதனால்தான்.

இணையமும் இலவச நேரமும் கிடைக்காத பாடசாலை என்ன செய்வது? வீட்டு முற்றத்திலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு மீற்றர் குவியத் தூரமுள்ள சிறு தொலைகாட்டி, 2.9 மைக்ரோன் பிக்சலுள்ள கோள்க் கமரா. கணக்குப் போட்டால் பிக்சலுக்கு 0.6 விகலை, மலையுச்சிச் சிசிடியின் அளவேதான். வடக்கைக் காண மென்பொருள் வேண்டாம். விண்மீனைத் தொடரும் மோட்டரை நிறுத்திவிட்டு அதை ஓட விட்டால் அது மேற்கை நோக்கிப் போகும். வான நடுவரையில் ஒரு செக்கனுக்கு 15 விகலை என்ற அதன் வேகத்தில் இருந்து பிக்சலின் அளவையும் எடுக்கலாம். இங்கே 60 பாகை உயரம் ஏறும் 61 சிக்னி இதற்கு நல்ல சோடி: சுமார் 31 விகலை இடைவெளி, கையடக்கத் தொலைகாட்டிக்கும் எட்டும் பிரகாசம். 1838 இல் பெஸல் முதன்முதலில் ஒரு விண்மீனின் தூரத்தை அளந்தது இதை வைத்துத்தான். கடற்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே, கச்சான் ஓய்ந்த ஓர் இரவில் செய்தால் விடை மோசமாக இராது.

முடிவுகளை அனுப்ப இரட்டை விண்மீன் அவதானிப்புகளுக்கென்றே 2005 முதல் ஓர் ஆய்விதழ் இயங்குகிறது. மாணவர் குழுக்களின் கட்டுரைகளையும் எடுக்கிறார்கள். அங்கே ஏற்கப்பட்ட அளவீடு வாஷிங்டன் பட்டியலுக்குப் போகும். எழுதும்போது திகதியை ஆண்டின் தசமத்தில் கொடுக்க வேண்டும். 2025 மே 15 என்றால் 2025.37. அதன் பின் கோணம், இடைத்தூரம், இரண்டின் வழு, எத்தனை இரவு, எந்தத் தொலைகாட்டி, எந்த வடிகட்டி. பழைய கோணங்களை ஒப்பிடும் முன் அயன அசைவுக்காகத் திருத்த வேண்டும், ஏனென்றால் வடக்கு என்ற திசையே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. பட்டியல் சொன்ன இடத்தில் துணை விண்மீன் இல்லவே இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதி அனுப்பலாம். ஒருவர் ஒரே ஒரு தடவை பார்த்ததாகச் சொல்லி, பிறகு யாரும் காணாத சந்தேகச் சோடிகள் பட்டியலில் இன்னும் கிடக்கின்றன.